தனி ஆளாக கோட் எழுதுகிறவர்களுக்கு: ‘ஏன்’ என்பதை எழுதி வையுங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாதிரி ஊர்களில் சாஃப்ட்வேர் என்பது பெரும்பாலும் ஒரே ஆளின் வேலை. மக்காச்சோள மண்டிக்குக் கணக்கு, உரக்கடைக்கு பில், சுண்ணாம்புக்கல் லாரி ஏறும் எடைமேடைக்குச் சீட்டு. எழுதுவதும் அவர்தான், கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பதும் அவர்தான், ராத்திரி "பிரிண்ட் வரல தம்பி" என்று போன் வந்தால் எடுப்பதும் அவர்தான். நானும் இதே பிழைப்பில் இருக்கிறவன். காலேஜ் முடித்துவிட்டுப் புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, இந்த கோடை நான் மட்டும்தான் தொடப் போறேன். நான் எழுதுனது எனக்குத் தெரியாதா? அப்புறம் எதுக்கு டாக்குமெண்டேஷன்?"

நியாயமான கேள்விதான். வாடிக்கையாளர் அதற்குத் தனியாகக் காசு தரமாட்டார். அவருக்கு பில் சரியாக வந்தால் போதும். பாடப் புத்தகத்தில் சொல்லும் காரணங்கள் எல்லாம் பெரிய கம்பெனிக்கானவை: டீமில் புதிதாக ஒருவர் சேருவார், நீங்கள் வேறு புராஜெக்டுக்குப் போவீர்கள் என்பதெல்லாம். நம் கதையில் டீமும் கிடையாது, வேறு புராஜெக்டும் கிடையாது.

ஆனாலும் எழுத வேண்டும் என்றுதான் சொல்வேன். கம்பெனியில் இருப்பவரைவிட நாம்தான் அக்கறையாக எழுத வேண்டும். அங்கே கோட் புரியவில்லை என்றால் பக்கத்து சீட்டில் கேட்கலாம், பழைய மெயிலைத் தேடலாம், டிக்கெட்டைப் புரட்டலாம். நமக்கு அந்த வசதி எதுவும் இல்லை. மண்டிக்காரர் போனில் சொல்கிறார், நாம் மாற்றுகிறோம், அதோடு விஷயம் முடிந்தது. ஏன் மாற்றினோம் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி நம் ஞாபகம். அந்த ஞாபகத்துக்குள் அதே மாதிரி நாற்பது கடைகளின் சமாச்சாரம் கலந்து கிடக்கிறது.

எங்கள் ஊரிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு முந்திரி வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீடு, கடை, குடோன் எதுவும் இடம் மாறவில்லை. ஆனால் அவருடைய மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தது. 1995 நவம்பர் 1-ஆம் தேதி திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் உருவானது. அதுவரை திருச்சி மாவட்டத்துக்காரராக இருந்தவர் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர் ஆனார். 2001 ஜனவரி 1-இல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. ஒன்றேகால் வருஷம்தான். 2002 மார்ச் 31-இல் அதைப் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்துவிட்டார்கள். பிறகு 2007 நவம்பர் 23-இல் மறுபடி அரியலூர் மாவட்டம். அன்று முதல் இன்றுவரை அதுவே நிற்கிறது. வண்டி எண்ணிலும் இது தெரியும்: பெரம்பலூருக்கு 46, அரியலூருக்கு 61.

இப்போது அந்த வியாபாரியின் பழைய கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரு நிலத் தகராறு, வங்கிக் கடன், பழைய வரி விவகாரம் என்று ஏதோ ஒன்றுக்காக 2003-ஆம் வருஷத்து பில்லைத் திரும்ப பிரிண்ட் எடுக்க வேண்டும். அதில் என்ன மாவட்டம் வர வேண்டும்? பெரம்பலூர். 2001 ஆகஸ்ட் பில் என்றால் அரியலூர். 2005 என்றால் மறுபடி பெரம்பலூர். புரோகிராமில் இதற்கென்று ஒரு சின்ன அட்டவணையும், தேதியைப் பார்த்து மாவட்டத்தை எடுத்துத் தரும் ஒரு ஃபங்ஷனும் இருக்கும். இன்றைக்கு அதைத் திறந்து பார்க்கிற எவருக்கும், எழுதினவருக்கே கூட, அது கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். ஒரே ஊருக்கு ஐந்து வரி, அரியலூர் இரண்டு தடவை, பெரம்பலூர் இரண்டு தடவை. டேட்டா எண்ட்ரியில் யாரோ குழப்பிவிட்டார்கள் என்று தோன்றும். "இதைச் சுத்தம் பண்ணிடலாம்" என்று கை பரபரக்கும். சுத்தம் செய்தால் எந்த எர்ரரும் வராது. புரோகிராம் அழகாக ஓடும். பழைய பில் மட்டும் பொய் சொல்லும், அதுவும் யாராவது மேஜையில் இரண்டு காகிதத்தை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

அந்த ஃபங்ஷனுக்கு மேல் நான் வைத்திருக்கும் குறிப்பு இது:

# தப்பு மாதிரி தெரியும், தப்பு இல்லை. மாற்றாதே.
# ஜெயங்கொண்டம், செந்துறை, அரியலூர் பக்கத்து ஊர்கள்:
# 31.10.1995 வரை திருச்சி
# 1.11.1995 முதல் பெரம்பலூர்
# 1.1.2001 முதல் அரியலூர்
# 31.3.2002 முதல் திரும்பப் பெரம்பலூர்
# 23.11.2007 முதல் திரும்ப அரியலூர்
# பழைய பில்லில் அந்தத் தேதியின் மாவட்டமே வர வேண்டும் என்று ஆடிட்டர் கேட்டார்.

எழுத ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். இதில் கோட் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதியை ஒப்பிடுகிறது, வரியை எடுக்கிறது என்பதெல்லாம் கோடைப் படித்தாலே தெரியும். கோடைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதது அரசாணையும் ஆடிட்டர் சொன்ன சொல்லும். அவை கம்ப்யூட்டருக்கு வெளியே நடந்தவை. குறிப்பு அதற்காகத்தான்.

நான் பிள்ளைகளிடம் சொல்வதும் இந்த ஒன்றைத்தான். "இந்த வரி கூட்டுகிறது, இந்த வரி கழிக்கிறது" என்று எழுதாதே. அது நேரத்துக்குப் பிடித்த கேடு. வெளியிலிருந்து வந்து உன் கோடுக்குள் உட்கார்ந்த காரணம் எதுவோ அதை எழுது. ஏன் இப்படி, யார் சொன்னது, எந்தத் தேதி. மூன்றும் இருந்தால் போதும்.

உலகம் முழுக்க ஓடும் ஒரு ஃபைல் இதே மாதிரிதான் எழுதப்பட்டிருக்கிறது. எந்த நாட்டில் எந்தத் தேதியில் கடிகாரம் எப்படி மாறியது என்பதைச் சொல்லும் நேர மண்டல டேட்டாபேஸ். ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980-களில் தொடங்கி வைத்தது. நம் போன், லேப்டாப், சர்வர் எல்லாவற்றிலும் அது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. இந்தியாவுக்கான வரிகளைப் பார்த்தால் அதில் மதராஸ் நேரம் இருக்கும்: கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னால், 1906 தொடங்கும்வரை. அந்த ஃபைலில் பல இடங்களில் டேட்டாவைவிட விளக்கம்தான் நீளம். இந்தத் தகவல் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது, யார் கடிதம் எழுதிச் சொன்னார், எது இன்னும் சந்தேகம் என்று வரிவரியாக இருக்கும். அரியலூர் அட்டவணையை நான் ‘எந்தத் தேதி முதல்’ என்ற பாணியில் அமைத்தது அதைப் பார்த்துத்தான்.

எடைமேடைக்கு வருகிறேன். அரியலூர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், சாலை முழுக்க சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும்தான். அரசு சிமெண்ட் ஆலை, தனியார் ஆலைகள், சுற்றிலும் சுரங்கங்கள். வழிநெடுக எடைமேடைகள். லாரி மேடைமேல் ஏறியதும், அறைக்குள் இருக்கும் காட்டிப் பெட்டியில் சிவப்பு எண் வரும். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சீரியல் கேபிள் கம்ப்யூட்டருக்கு வரும். புரோகிராம் அந்த எண்ணைப் படித்துச் சீட்டு அடிக்கும். கேட்பதற்குச் சுலபமான வேலை.

சில காட்டிகள் எடையை முதல் இலக்கத்திலிருந்து அனுப்பும். சில மாடல்கள் கடைசி இலக்கத்திலிருந்து அனுப்பும். மேடையில் 21,340 கிலோ நின்றால், கேபிளில் 043120 என்று வரும். திருப்பிப் படிக்காவிட்டால் சீட்டில் 43,120 கிலோ விழும். இதில் பெரிய சங்கடம், இது சோதனையில் சிக்காது என்பது. காலி மேடையை வைத்துப் பார்த்தால் 000000 வரும். எப்படிப் படித்தாலும் அதே பூஜ்யம்தான். 25,520 கிலோ லாரி ஒன்று ஏறினாலும் 025520, திருப்பினாலும் 025520. "சரியா வருதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பத் தோன்றும்.

எனவே கோடில் எண்ணைத் திருப்பிப் போடும் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்கு என்ன காரணம் என்று கோடைப் பார்த்தால் தெரியாது. அதற்கு மேல் இருக்கும் குறிப்பு: "இந்தக் காட்டி இலக்கங்களைப் பின்னாலிருந்து அனுப்புகிறது. பெட்டியை மாற்றினால் முதலில் இங்கே பார். காலி மேடையில் சோதிக்காதே, தெரிந்த எடையுள்ள லாரியை ஏற்றிச் சோதி."

இடி விழுந்தால் இந்தக் காட்டிகள் அடிக்கடி போய்விடும். மெக்கானிக் வந்து கையில் இருக்கும் வேறு மாடலை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் நமக்குப் போன் வரும். வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும், டிரைவர்கள் ஹார்ன் அடிப்பார்கள், மேடைக்காரர் "தம்பி, எடை ஏடாகூடமா வருது, சீக்கிரம் பாருங்க" என்று பதறுவார். அந்த நேரத்தில் கோடைப் படித்து யோசித்துக் கண்டுபிடிக்கிற நிதானம் யாருக்கும் இருக்காது. குறிப்பு இருந்தால் போனிலேயே வேலை முடியும்.

மண்டியில் இன்னொரு மாதிரி. பெரம்பலூர் மக்காச்சோளத்துக்குப் பேர் போன மாவட்டம். சோளம் இங்கிருந்து கோழித்தீவன ஆலைகளுக்குப் போகிறது. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் விலையில் கழிப்பார்கள். சாக்கு எடைக்கு ஒரு கழிவு உண்டு. தூசிக்கு ஒரு கழிவு உண்டு. ஒவ்வொரு மண்டிக்கும் ஒவ்வொரு பழக்கம். கோடில் 14 என்று ஒரு எண் இருக்கும், அதற்குக் கீழே இன்னும் மூன்று எண்கள். எது ஆலையின் விதி, எது முதலாளியின் சொந்த வழக்கம், எது அந்த ஒரு சீசனுக்கு மட்டும் என்று போட்டது? எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நான் இங்கே முதலாளி சொன்னதை அவர் சொன்னபடியே கமெண்டில் போட்டு வைக்கிறேன். "தம்பி, சணல் சாக்குக்குத்தான் ஒரு கிலோ கழிக்கணும். பிளாஸ்டிக் சாக்குல வந்தா கழிக்காதீங்க, விவசாயி சண்டைக்கு வருவாரு." இதைச் சுருக்கி இலக்கணமாக எழுதினால் பாதி போய்விடும். விவசாயி சண்டைக்கு வருவார் என்பதுதான் அந்த விதி ஏன் இருக்கிறது என்பதற்கான காரணம். அடுத்த வருஷம் புது வகைச் சாக்கு வந்தால், எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அந்த ஒரு வாக்கியத்தை வைத்து நான் கேட்கலாம்.

கவனித்திருப்பீர்கள், இவை எல்லாம் தமிழில் இருக்கின்றன. தனி ஆளாக வேலை செய்வதில் உள்ள பெரிய சுதந்திரம் இது. பைத்தான் 3-இல் சோர்ஸ் ஃபைல் இயல்பாகவே யூனிகோடில்தான் இருக்கிறது. தமிழில் கமெண்ட் எழுத எந்தத் தடையும் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் உட்பட இன்று புழக்கத்தில் இருக்கும் மொழிகள் பலவற்றிலும் இதேதான். நான் மட்டும்தான் படிக்கப் போகிறேன் என்றால் நான் ஏன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்? குறிப்பு எழுதச் சோம்பல் என்று சொல்லும் பல பிள்ளைகளுக்கு உண்மையில் இருப்பது ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம். தமிழில் எழுதலாம் என்று சொன்னதும் நான்கு வரிக்குப் பதில் எட்டு வரி எழுதுகிறார்கள். வெளிநாட்டுக்காரர் சேர்ந்து வேலை பார்க்கும் புராஜெக்ட் என்றால் ஆங்கிலம் வேண்டும், சரி. செந்துறை உரக்கடை பில்லுக்கு என்ன அவசியம்?

தமிழ் என்றதும் கோடைவிடப் பெரிய தலைவலி ஒன்று ஞாபகம் வருகிறது: டேட்டா. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துகள் ஃபாண்டை நம்பித்தான் இருந்தன. பாமினி ஒரு விதம், அரசு அலுவலகங்களில் ஓடிய வானவில் ஒரு விதம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்று குறியீட்டுத் தரங்களும் வந்தன. தமிழ்நாடு அரசு 2010-இல்தான் யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது. அதற்கு முன் டைப் அடித்த பழைய டேட்டாபேஸைத் திறந்தால், பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் கமாவும் செமிகோலனும் கலந்த குப்பையாகத் தெரியும். சரியான ஃபாண்டைப் போட்டால்தான் ‘முருகேசன்’ என்று வரும்.

ஒரே பெயர்ப் பட்டியலில் பாதி ஒரு ஃபாண்டிலும் மீதி வேறொரு ஃபாண்டிலும் இருப்பதை நானே பல கடைகளில் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் மாற்றியிருப்பார்கள், டைப் அடிக்கும் ஆள் மாறியிருப்பார், அவருக்குத் தெரிந்த கீபோர்டில் அடித்திருப்பார். எந்த எண்வரை எந்த ஃபாண்ட் என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தால், மாற்றுவதற்கு அரை மணி நேர வேலை. எழுதி வைக்காததால் ஒவ்வொரு பெயராகக் கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. கோடைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். இருபது வருஷ வாடிக்கையாளர் பட்டியலைத் தூக்கிப் போட முடியாது. குறிப்பு எழுத ஒரு நாளில் பத்து நிமிஷம்தான் கிடைக்கும் என்றால் அந்தப் பத்தையும் டேட்டாவுக்குக் கொடுங்கள் என்பேன். எந்தக் காலத்தில் என்ன அர்த்தம், எந்த ஃபாண்ட், காலியாக இருந்தால் என்ன பொருள், எண் 9 என்றால் ‘தெரியாது’ என்று யார் முடிவு செய்தது.

இங்கே ஒரு பெரியவரின் மறுப்பைச் சொல்லியாக வேண்டும். டென்மார்க்கின் பீட்டர் நவுர், பிற்காலத்தில் டூரிங் விருது பெற்றவர், 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். புரோகிராம் என்பது எழுதினவர் மனத்தில் உருவாகும் ஒரு புரிதல், கோடும் காகிதமும் அதன் மிச்சம்தான் என்பது அவர் வாதம். அதில் ஒரு உதாரணம் சொல்கிறார். ஒரு குழு கம்பைலர் ஒன்றை எழுதியது. இன்னொரு குழு அதை விரிவாக்க வேண்டும். முழு விளக்க ஆவணமும் கொடுத்தார்கள், எழுதினவர்கள் நேரில் ஆலோசனையும் சொன்னார்கள். அப்படியும் இரண்டாவது குழு யோசித்த வழிகள், கம்பைலருக்குள்ளேயே இருந்த நல்ல அமைப்பைத் தவறவிட்டுவிட்டன. எழுதினவர்கள் பார்த்த மாத்திரத்தில் அது தெரிந்தது. எழுத்தால் புரிதலை இன்னொரு தலைக்குள் இறக்க முடியாது என்கிறார்.

இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டு, இதனால்தான் தனி ஆளுக்குக் குறிப்பு அதிகப் பலன் தரும் என்கிறேன். நவுர் சொன்ன கஷ்டம் வேறொரு தலைக்குள் புரிதலை ஏற்றுவது. நம் விஷயத்தில் தலை அதேதான். புரிதல் ஒரு காலத்தில் அங்கே முழுதாக இருந்தது, இப்போது மங்கியிருக்கிறது. அந்நியருக்கு முப்பது பக்கம் எழுதினாலும் போதாத இடத்தில், நமக்கு இரண்டு வரி போதும். "ஆடிட்டர் கேட்டார்" என்று படித்ததும் அந்த அறை, அந்த ஆள், அந்தப் பேச்சு எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது.

இதற்கு உலகத்தில் உள்ள மிகப் பெரிய சான்று டொனால்டு நூத். கணிதப் புத்தகங்களை அச்சுக்கோக்கும் டெக் என்ற மென்பொருளை 1970-களின் கடைசியில் எழுதத் தொடங்கினார். அதன் மூல கோடை மாற்றும் உரிமையை இன்றும் அவர் ஒருவரே வைத்திருக்கிறார். நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே நிலைமை: எழுதினவர் மட்டுமே பராமரிக்கும் கோட். அவர் என்ன செய்தார்? கோடையும் விளக்கத்தையும் ஒரே நூலாகப் பின்னி எழுதும் முறை ஒன்றை உருவாக்கினார், 1984-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். டெக்கின் முழு கோடும் 1986-இல் ஒரு புத்தகமாகவே வந்தது, உட்கார்ந்து படிக்கும்படியான புத்தகம். செய்த ஒவ்வொரு திருத்தத்துக்கும் பட்டியல் வைத்திருந்து, அதையும் 1989-இல் வெளியிட்டார்.

இப்போது அவர் டெக்கை எப்போது திறக்கிறார் தெரியுமா? சில வருஷங்களுக்கு ஒருமுறை. 2014-இல் ஒரு தடவை, 2021-இல் ஒரு தடவை, அடுத்தது 2029 என்று அறிவித்திருக்கிறார். வந்து சேர்ந்த பிழைகளை மொத்தமாகப் பார்த்துத் திருத்திவிட்டு மூடிவிடுவார். பதிப்பு எண் பை (π) என்ற எண்ணை நோக்கி ஒவ்வொரு இலக்கமாக நீளும். 2021-இல் வந்தது 3.141592653. 1938-இல் பிறந்தவர், நாற்பது வருஷத்துக்கு முன் எழுதிய கோடை ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு திறந்து, எங்கே கை வைக்கலாம் எங்கே வைக்கக் கூடாது என்று முடிவு செய்கிறார். நூத் மாதிரி ஒரு மூளைக்கே குறிப்பு தேவைப்பட்டிருக்கிறது. அவர் அளவுக்கு எழுத வேண்டாம். அவர் எழுதியது ஏன் என்று மட்டும் யோசித்தால் போதும்.

ஏழு வருஷம் என்பது நமக்கும் அதிகமில்லை. வரி விகிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது சிமெண்டுக்கு 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22-இல் அது 18 ஆனது. எட்டு வருஷம் யாரும் தொடாத வரி ஒன்றை அன்றைக்கு ஊரெல்லாம் திறந்தார்கள். 28 இருந்த இடத்தில் 18 என்று போட்டால் முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு அடுத்த வாரமே சிக்கல் வந்தது. 22-ஆம் தேதிக்கு முன் விற்ற மூட்டை திரும்பி வந்தால் கிரெடிட் நோட் 28-லேயே போட வேண்டும். பழைய பில்லை மறுபடி அடித்தாலும் 28-தான். விகிதத்தோடு ‘எந்தத் தேதி முதல்’ என்பதையும், ஏன் அப்படி வைத்திருக்கிறது என்பதையும் எழுதி வைத்தவர்களுக்கு அது ஒரு வரி சேர்க்கும் வேலையாக இருந்தது.

காரணமும் தேதியும் இல்லாத எண் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம். பெரம்பலூருக்குப் பக்கத்தில் காரை என்று ஒரு ஊர் இருக்கிறது. மழை அரித்த செம்மண் ஓடைகளில் நத்தை மாதிரிச் சுருண்ட கற்கள் கிடைக்கும், கடலாக இருந்த காலத்து அம்மோனைட்டுகள். இந்தப் பகுதியின் பாறைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எச். எஃப். பிளான்ஃபோர்டு வரைபடமாக்கினார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று அடுக்குத் தொகுதியாகப் பிரித்துப் பெயர் வைத்தார். ஃபெர்டினாண்டு ஸ்டோலிஸ்கா அந்தப் புதைபடிவங்களை விவரித்துப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள், எந்தக் கல் எந்த ஊரில் எந்த அடுக்கில் கிடைத்தது என்று அவற்றில் எழுதியிருப்பதால். அதே கல்லை எடுத்துவந்து இடம் எழுதாமல் அலமாரியில் வைத்தால், அழகாக இருக்கும், அறிவியலுக்குப் பயன்படாது. கோடில் இருக்கும் 14-ஐயும் அந்தத் திருப்பிப் போடும் வரியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

‘நான் மட்டும்’ என்ற சொல்லையும் அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு கடை. விபி 6-இல் எழுதிய பில்லிங் புரோகிராம். மைக்ரோசாஃப்ட் அந்த விபி 6 எடிட்டருக்கான ஆதரவை 2008-லேயே நிறுத்திவிட்டது, ஆனாலும் நம் ஊர்க் கடைகளில் அதில் எழுதியவை இன்னும் ஓடுகின்றன. எழுதினவர் வெளிநாடு போய்விட்டார், நம்பர் மாறிவிட்டது. கடையில் இருந்தது ஓடுகிற ஃபைல் மட்டும். சோர்ஸ் இல்லை, டேட்டாபேஸுக்கு பாஸ்வேர்டு போட்டிருந்தது, அது யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் பழுதானபோது முதலாளி என்னிடம் வந்தார். "பாக்கி வச்சிருக்கிற விவசாயிங்க கணக்கு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு தம்பி" என்றார். எழுதினவர் நேர்மையான ஆள், யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. தானே இருந்து பார்த்துக்கொள்வோம் என்று அவரும் உண்மையாகத்தான் நம்பியிருப்பார். கடைசியில் கணக்குப்பிள்ளையும் முதலாளியின் மகளும் பழைய பில் கட்டுகளை வைத்துக்கொண்டு பாக்கிகளைத் திரும்ப டைப் அடித்தார்கள்.

இதற்குப் பெரிய ஆவணம் தேவைப்பட்டிருக்காது. சோர்ஸ் எங்கே இருக்கிறது, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, பேக்கப் எப்படி எடுப்பது, எந்த கம்ப்யூட்டரில் என்ன ஓடுகிறது என்று ஒரு பக்கம். அதை பிரிண்ட் எடுத்து முதலாளியின் பீரோவில், பத்திரங்களோடு வைக்கச் சொல்லலாம். நான் ஒவ்வொரு கடைக்கும் இப்போது அப்படித்தான் கொடுக்கிறேன். சாஃப்ட்வேர் விலையில் அந்த ஒரு பக்கமும் சேர்த்திதான். நம்மை நம்பி ஒருவர் தன் வரவுசெலவு முழுவதையும் ஒப்படைத்திருக்கிறார், நமக்கு ஒன்று ஆகிவிட்டால் அவர் நடுத்தெருவில் நிற்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

குறிப்பு வேண்டாம் என்பவர்களின் எதிர்வாதத்தில் ஒன்று உண்மை: பழைய குறிப்பு பொய் சொல்லும். கோடை மாற்றுவோம், மேலே இருக்கும் கமெண்டை விட்டுவிடுவோம். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து தேதி. ஒவ்வொரு குறிப்பிலும் தேதி இருந்தால், அது எந்தக் காலத்து உண்மை என்று தெரிந்துவிடும். ‘எப்படி’ என்று எழுதியது சீக்கிரம் பழசாகும். ‘ஏன்’ என்று எழுதியது அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. அரியலூர் 2001-இல் பிரிந்தது என்பது இனி மாறப்போவதில்லை. கிட் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கமிட் செய்தியிலேயே எழுதிவிடலாம், தேதி தானாக விழும். ‘அப்டேட்’, ‘ஃபிக்ஸ்’ என்று ஒற்றை வார்த்தை போட்டுவிட்டுப் போவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் எழுதச் சொல்லவில்லை. ஒரு ராத்திரி ஓட்டிவிட்டுத் தூக்கிப் போடும் ஸ்கிரிப்டுக்கு ஒன்றும் வேண்டாம். கடைக்காரர் காசு புழங்கும் இடம், எடை புழங்கும் இடம், அரசு விதி புழங்கும் இடம், வெளியிலிருந்து ஒரு பெட்டி வந்து இணையும் இடம் — இங்கெல்லாம் எழுதாமல் விடக் கூடாது.

இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: இன்று நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஃபைலில், பார்த்தால் தப்பு மாதிரித் தெரியும் ஒரு வரி கட்டாயம் இருக்கும். அது ஏன் அப்படி இருக்கிறது என்று இன்று உங்களுக்குத் தெரியும். மூடுவதற்கு முன் அதற்கு மேல் இரண்டு வரி எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், கீழே தேதி போடுங்கள்.